லாரிக்காரி குடிக்காத டீ

மயிலாப்பூர்
11 ஆகஸ்ட் 2025

நஸ்ருன்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல், அலமாரியிலிருந்து ஆறு புத்தகங்களை இறக்கிக் கட்டிலின் மேல் வைத்தேன். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை உன் வீட்டுக்கு வந்து உனக்கு வாசித்துக் காட்டிய ஆறு. சாய்நாத் பாதிக் கண்ணைத் திறந்து, "கொலுவுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கே, இப்பவே படி கட்டறியா?" என்றார். லாரி ஓட்டும் மரகதத்தின் கதையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். பதினோராவது வளைவில் அவள் செத்துத்தான் போகிறாள். நான் உனக்குச் சொன்ன முடிவை நானே நம்பத் தொடங்கியிருந்தேன் போலிருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று புரட்டிப் பார்த்தேன். அங்கே பதிப்பகத்தின் விலாசம் இருந்தது.

சனிக்கிழமை அடையாறில், சந்திரிகா வீட்டு வாசகர் கூட்டத்துக்கு நீ ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக வந்தாய். புதுக் கண்ணாடி, கத்தரிப்பூ நிறச் சுடிதார். எல்லோரும் உனக்கு நாற்காலி நகர்த்தினார்கள். உன் முறை வந்தபோது நீ சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "எனக்கு அந்தக் கடைசி டீதான் புடிச்சிருந்தது. மலை மொத்தமும் இறங்கி வந்து, லாரிய ஓரங்கட்டிட்டு, கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு நிக்கிறா பாரு, அதான் கதையே."

சந்திரிகா கேட்டாள், "எந்த டீ?"

யாரோ சிரித்தார்கள். சந்திரிகா குழந்தைக்குச் சொல்வதுபோல, "நஸ்ருன், அவ கீழ வரவே இல்லப்பா" என்றாள். நான் உன் இடப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் உனக்குத் தெரியாது. அதனால் என்னைப் பார்க்க நீ முழு முகத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாக யாரும் என் பக்கம் திரும்பியதில்லை.

பதினோரு முறை ஃபோன் செய்தேன். கடைசியில் உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உன் குரலை இப்போது நம்ப முடியவில்லை. சொல்ல இருப்பதைக் காகிதத்தில் எழுது. நானே வாசித்துக்கொள்கிறேன்.’ அதனால்தான் இந்தக் கடிதம், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில்.

நடந்தது இதுதான். முதல் கண் ஆபரேஷன் முடிந்து உன்னைக் குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். நடுவில் ஓட்டை வைத்த தலையணையில் முகத்தைப் பொருத்தி நீ படுத்திருப்பாய். நான் உன் பின்தலைக்கு வாசித்துக்கொண்டிருப்பேன். மரகதத்தின் லாரிக்குப் பிரேக் போன இடத்தில் உன் தோள் இறுகியது. "சொல்லு, சொல்லு" என்றாய். புத்தகத்தில் இருந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. வந்தது டீக்கடை. அந்த ஒரு புத்தகத்தில் மட்டும்தான் கை வைத்தேன். வேறு எதிலும் இல்லை.

என்னை மன்னிக்க வேண்டாம். பதில் மட்டும் எழுது.

சாரு

*

திருவான்மியூர்
16 ஆகஸ்ட் 2025

சாரு,

எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுது. இரண்டு பக்கத்தை வாசிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கய்யூம் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவந்திருக்கிறார், மேஜையோடு திருகி வைப்பது. அதற்கடியில் உன் எழுத்து ஒவ்வொன்றும் எறும்பு மாதிரி வருகிறது.

செத்தவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தவள் நீ. சிரிப்பு வாங்கியவள் நான்.

கூட்டத்தில் அசிங்கப்பட்டதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அந்த ஐந்து மாதம் எனக்கு வெளியுலகம் என்று இருந்ததே நீ வாசித்த ஆறு புத்தகங்கள்தான். மனதில் அவற்றில்தான் நடமாடினேன். இப்போது எந்தச் சுவர் நிஜம், எது நீ வரைந்தது என்று தடவித் தடவிப் பார்க்கிறேன்.

ஒன்றில் மட்டும்தான் கை வைத்தாயா? பள்ளியில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எடுத்தவள் நான். பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதுகிறவள் ஒரு கேள்வியோடு நிறுத்த மாட்டாள்.

ஆறையும் கூரியரில் அனுப்பு. நானே முதலிலிருந்து வாசிக்கப்போகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு டாக்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். நீ கொண்டுவராதே. முடிக்கும்வரை நீ இங்கே வர வேண்டாம்.

நஸ்ருன்

*

மயிலாப்பூர்
20 ஆகஸ்ட் 2025

நஸ்ருன்,

புத்தகங்கள் இன்று காலை கிளம்பிவிட்டன. கூரியர் பையன் "உள்ளே இன்னா மேடம், செங்கல்லா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்ல நினைத்தேன்.

போன கடிதத்திலும் பொய் சொல்லிவிட்டேன். நீ கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

துப்பறியும் நாவலின் கொலைகாரன் மச்சினன் இல்லை. கண் டாக்டர். உனக்கு இரண்டாவது ஆபரேஷன் மறுநாள் காலை. அந்த வீட்டில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசிக்க முடியவில்லை. ஆக்டோபஸ் பற்றிய அறிவியல் புத்தகத்தில் கண்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. அதை ஒட்டுமொத்தமாகத் தாண்டினேன். சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதையில் அம்மா தன் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். நான் அதைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

தி.நகரில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் வழிகாட்டியில் ஒரு அரைப்புள்ளி சந்தேகமாக இருந்தாலும், நான் மாற்றுவதில்லை. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவேன். பதினெட்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன், ஒருவருடைய வார்த்தையை அவரைக் கேட்காமல் தொட்டதில்லை. உன் அறையில் மட்டும் தொட்டேன். நீ குப்புறப் படுத்திருந்தாய். என் முகமும் நான் வாசித்த பக்கமும் உனக்குத் தெரியாது. முதல் முறை பயந்துகொண்டே செய்தேன். அடுத்தடுத்துப் பயம் போய்விட்டது. திருவான்மியூர் பஸ்ஸில் உட்கார்ந்து, இன்றைக்கு யாரைக் காப்பாற்றலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன். அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மொத்தம் நாலு புத்தகம். இதற்கு மேல் இல்லை.

சாய்நாத் கிண்டல் செய்கிறார். "பஸ்ல ஏறினா அரை மணி. லெட்டர் எழுதிண்டு உக்காந்திருக்கியே, ரெண்டு பேருக்கும் என்ன கல்யாணமா நிச்சயம் ஆயிருக்கு?" என்கிறார். அவருக்கு டீ விஷயம் மட்டும் தெரியும்.

சாரு

*

திருவான்மியூர்
6 செப்டம்பர் 2025

சாரு,

ஐந்து முடிந்துவிட்டது, நன்றாக நினைவிருந்த பக்கங்களைத் தள்ளிக்கொண்டே. கண் வலிக்கிறது, ஆனால் வாசிக்கிறேன் என்ற திமிர் திரும்பி வந்திருக்கிறது. நீயும் கொஞ்சம் வாங்கிக்கொள்.

மரகதம். நீ செய்தது தப்பு. செத்தவளை உயிரோடு வைத்ததைச் சொல்லவில்லை. பிரேக் போனதும் அவளுக்கு இரண்டு வழி இருக்கிறது. இடப் பக்கம் பள்ளம், சரிவில் புதர் மண்டியிருக்கிறது, குதித்தால் பிழைக்கலாம். ஆனால் லாரி உருண்டு கீழ்ச் சாலையில் போகிறவர்கள் மேல் விழும். அவள் குதிக்காமல் வலப் பக்கப் பாறையில் கொண்டுபோய் மோதுகிறாள். தானாகத் திருப்புகிறாள், சாரு. முந்நூறு பக்கமும் அந்த ஒரு திருப்பத்துக்காகத்தான். நீ பிரேக்கைப் பிடிக்கவைத்து அவளைக் கீழே இறக்கிவிட்டாய். உன் கையில் அவள் நல்ல டிரைவர், அவ்வளவுதான். அவள் செய்ததை நீ திருடிவிட்டாய்.

துப்பறியும் நாவல். கண் டாக்டர்தான் என்று அறுபதாம் பக்கத்திலேயே பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், கையுறையைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். ஆனால் நீ சொன்னதை நம்பி அந்த மச்சினனை எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் போகும்போதுகூட "கூடப் பொறந்தவ புருஷனையே கொன்னுட்டானே பாவி" என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆறு மாதம் என் மனதில் ஜெயிலில் இருந்திருக்கிறான், ஒன்றும் செய்யாமல். நேற்று அவனிடம் சத்தமாக மன்னிப்புக் கேட்டேன். கய்யூம் சமையலறையிலிருந்து, "யார்கிட்ட பேசறே?" என்றார்.

ஆக்டோபஸ். புத்தகத்திலேயே சிறந்த அத்தியாயத்தை என்னிடமிருந்து மறைத்தாய். நம் விழித்திரை உள்பக்கமாகத் திருப்பி ஒட்டியிருக்கிறதாம், நரம்பு அதைத் துளைத்துக்கொண்டு போகிறதாம், அதனால் ஒவ்வொரு மனிதக் கண்ணிலும் குருட்டுப் புள்ளி ஒன்று உண்டாம். ஆக்டோபஸுக்கு நேராக இருக்கிறது, புள்ளி கிடையாது. கண் போனவளுக்குக் கண்ணைப் பற்றிப் படித்தால் வலிக்கும் என்று யார் உனக்குச் சொன்னார்கள்? எனக்குத்தான் அது வேண்டும். எல்லோருக்கும் ஏதோ ஒரு இடம் தெரியாது என்று படித்தபோது பத்து மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. சரி, எட்டு மாதம். கணக்கு டீச்சர் தப்பு செய்யலாம்.

சிறுகதை. இதில் நீ ஜெயித்தாய். அம்மா கடிதத்தைக் கிழிப்பது அந்த எழுத்தாளப் பையன் ஏதோ சினிமாவில் பார்த்தது. உன்னுடையதில் தபால்பெட்டிக்குள் கையை விட்டுத் திரும்ப எடுக்கப் பார்க்கிறாளே, அது நன்றாக இருக்கிறது.

நதிப் பயண நூலில் நீ ஒன்றும் மாற்றவில்லை. அதைத்தான் மாற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு படித்துறையிலும் உட்கார்ந்து அந்த ஆள் தன்னைத் தானே கண்டுபிடிக்கிறார். ஒரு தடவை கண்டுபிடித்தால் போதாதா?

இனி அந்த ஒரே சுவர் உள்ள இரண்டு வீட்டு நாவல் மட்டும் பாக்கி. நீ வாசித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அதற்குப் பிறகு நீ வரலாம். நவராத்திரி வருகிறது, கடலைப்பருப்புச் சுண்டல் இல்லாமல் வராதே.

நஸ்ருன்

*

திருவான்மியூர்
11 செப்டம்பர் 2025

சாரு,

ஒன்பதாம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு நீ எட்டிலிருந்து பத்துக்குப் போயிருக்கிறாய்.

மத்தியான நேரம். குமாஸ்தா ஈஸிசேரில் படுத்து வாரப் பத்திரிகை படிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார், மூன்று தடவை. இவருக்குக் கேட்கிறது. தொடர்கதை முடிய ஒரு பத்தி இருக்கிறது. முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிடுகிறார். தட்டுவது நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வாதம் வந்து ஒரு கை விழுந்துவிடுகிறது. குமாஸ்தா தட்டியது கேட்டதென்று யாரிடமும் சொல்வதில்லை. தினமும் போய் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறார்.

யாரும் சாகவில்லை. கண்ணும் வரவில்லை. டாக்டரும் வரவில்லை. என்னிடமிருந்து இதை ஏன் மறைத்தாய்?

நாலு புத்தகம்தான் என்று எழுதியிருந்தாய். இது ஐந்தாவது.

நஸ்ருன்

*

மயிலாப்பூர்
15 செப்டம்பர் 2025

நஸ்ருன்,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன், உன் எழுத்தாளப் பையனின் அம்மா மாதிரி.

ஜனவரி எட்டு, புதன்கிழமை. ஆபீஸ் முடிந்து பனகல் பார்க் பக்கம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆறே கால் இருக்கும், நீ கூப்பிட்டாய். "சாரு, கண்ணு ஓரத்துல மின்னல் மாதிரி பளீர் பளீர்ங்குது. கருப்பு கருப்பா பூச்சி பறக்குது. நாளைக்கு ஆம்பூர் கெளம்பணும், கய்யூம்கிட்ட சொன்னா கல்யாணத்தையே விட்டுடுவாரு. இன்னாடி செய்யட்டும்?"

நான் சொன்னேன், "பூச்சி எனக்குந்தான் பறக்கும். கண்ணாடி பவர் ஏறியிருக்கும். கல்யாணத்துக்குப் போயிட்டு வா, அப்பறம் பாத்துக்கலாம்." நீ இன்னும் ஏதோ சொல்ல வந்தாய். "சரி சரி, வெக்கட்டுமா?" என்று வைத்துவிட்டேன்.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், என் மடியில் அந்தத் துப்பறியும் நாவல் இருந்தது. கொலைகாரன் யார் என்று தெரிய நாலு பக்கம் பாக்கி. நான் இறங்கும் லஸ் ஸ்டாப் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று விரலை நடுவில் வைத்துக்கொண்டே உன்னோடு பேசினேன். வைத்ததும் படித்தேன். கண் டாக்டர்.

உன் ஆபரேஷனுக்காக அந்த முடிவை மாற்றியதாக எழுதினேன் இல்லையா? அதுவும் பாதிதான் நிஜம். அந்த நாலு பக்கத்தை என் வாயால் வாசிக்க முடியாது. அதுதான் முழு நிஜம்.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பரில் பத்தாம் வகுப்பு அறிவியல் வழிகாட்டிக்குப் புரூஃப் பார்த்தேன். கண் பாடத்தின் கீழே கட்டம் கட்டி ஒரு செய்தி. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்குத் திடீரென்று ஒளிக்கீற்றும் கரும்புள்ளிகளும் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று. ‘ஒளிக்கீற்று’க்கு நடுவில் விட்டுப்போயிருந்த ‘க்’கைப் போட்டவள் நான்தான். எழுத்தைப் பார்த்தேன், செய்தியைப் பார்க்கவில்லை. உனக்கு மைனஸ் ஒன்பது என்று கல்லூரியிலிருந்தே எனக்குத் தெரியும். உன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத் தலைசுற்றி விழுந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உன் இடக் கண்ணில் கறுப்புத் திரை பாதி இறங்கியிருந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் வந்து வாசித்தேன். எல்லோரும் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். இந்தக் காலத்தில் யார் இப்படி ஒரு சிநேகிதிக்குச் செய்வார்கள் என்று. சந்திரிகா கூட்டத்தில் கைகூடத் தட்டினாள். குமாஸ்தாவும் தினமும் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறார். அதனால்தான் எட்டிலிருந்து பத்துக்குப் போனேன்.

சாரு

*

திருவான்மியூர்
20 செப்டம்பர் 2025

சாரு,

நான் மறந்துவிட்டேன் என்றா நினைத்தாய்? உனக்கு ஃபோன் செய்தது நான்.

உன்மேல் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. குப்புறப் படுத்திருந்த நாட்களில் தினமும் இருந்தது. நீ வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்போது ஏறும். நீ வாசிக்க ஆரம்பித்ததும் இறங்கும். ஒரு நாளாவது நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டேன். சொன்னால் நீ வருவதை நிறுத்திவிடுவாயோ என்று எனக்கும் பயம்.

உடனே வந்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று நானும் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நானும் படித்தவள்தான். உன்னைக் கேட்காமல் நேராக டாக்டரிடம் போயிருக்கலாம். நீ ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வேண்டும் என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் அவர் வேறு மாதிரி சொல்லியிருப்பார், தெரியும்.

ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கய்யூம் கேட்டார், "முன்னாடியே தெரிஞ்சிதா? யார்கிட்டயாவது சொன்னியா?" நீ கதவுக்கு வெளியே, எங்கள் பேச்சு கேட்காத தூரத்தில் ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். உன் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு கண் போதுமாக இருந்தது. "இல்லங்க, கல்யாணத்துலேர்ந்து திரும்பி வர்றப்ப பஸ்லதான் மொதல் தடவை தெரிஞ்சிது" என்று சொல்லிவிட்டேன்.

நீ ஆறு புத்தகத்தில் ஐந்தை மாற்றினாய். நான் ஒரு புதன்கிழமையை மாற்றினேன். ஒரே தொழில்தான்.

அதில் ஒரு கஷ்டம் வந்துவிட்டது. பஸ் குலுக்கியதில்தான் கண் போயிற்று என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அந்த ரோட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போனதே தப்பு என்று தன்னைத் திட்டிக்கொள்கிறார். அது போதாதென்று தங்கை ருக்சார்மேல் வேறு. "வந்தே ஆவணும்னு அவதானே புடிவாதம் புடிச்சா" என்று, மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவளிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். ரம்ஜான் பெருநாளுக்கு ஆம்பூரிலிருந்து பிரியாணி அண்டாவோடு வந்தாள். இவர் கடையிலிருந்து வரவே இல்லை. அவள் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அண்ணன் தங்கச்சி சண்டை, தானாகச் சரியாகும். நீ எதுவும் சொல்லாதே. சொன்னால் இவர் உன்னை வீட்டு வாசற்படி ஏற விடமாட்டார். எனக்கு வாசிக்க ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்தக் கண்ணால் முடியாது.

வா. முடிவை மாற்றாமல் வாசிக்கிற ஒரு புத்தகத்தோடு வா.

நஸ்ருன்

*

மயிலாப்பூர்
25 செப்டம்பர் 2025, வியாழன்

நஸ்ருன்,

கொலு வைத்து நாலு நாள் ஆகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் சுண்டல் கொடுக்கிறேன், உன் பங்கு மட்டும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ‘வா’ என்று நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நேற்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். செருப்பைப் போட்டேன். கழற்றினேன்.

‘உனக்குத் தெரியாது’ என்று நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். மார்ச்சில், ரவிக்கைக்கு லைனிங் துணி வாங்கக் கய்யூம் பாய் கடைக்குப் போனேன். எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு தெருதானே. எப்போதும்போல எனக்கு டீ சொன்னார். துணியை வெட்டிக்கொண்டே, "அந்த பஸ்லதான் சிஸ்டர் போச்சு. ஜன்னல் சீட்டு தரேன், வா வான்னு நாந்தான் இட்டுக்கினு போனேன்" என்றார். கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது. பிறகு ருக்சாரைப் பற்றிச் சொன்னார், இனிமேல் அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று.

நான் தலையாட்டினேன். "ரோடு மோசம்தான்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னேன், நஸ்ருன். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

நேற்று மத்தியானம் வீட்டில் யாருமில்லை. ஒன்பதாம் அத்தியாயம் உன்னிடம் இருக்கிறது. ஆனால் எனக்கு அது மனப்பாடம். கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தட்டியது கேட்டதென்று குமாஸ்தா யாரிடமும் சொல்வதில்லை என்ற இடத்தில் நான் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் சொல்லாமல் இருந்தும் அந்தக் கதையில் வேறு யாரும் பழி சுமக்கவில்லை. அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது.

மச்சினன் ஆறு மாதம் உன் மனதில் ஜெயிலில் இருந்தான் என்று எழுதினாயே. ருக்சார் எட்டு மாதமாக இருக்கிறாள். ஒரு காகித மனிதனிடம் நீ சத்தமாக மன்னிப்புக் கேட்டாய். அவள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்குத் திரும்பிப் போனாள்.

நீ மாற்றிய புதன்கிழமையில் காப்பாற்றப்பட்டவள் நான் ஒருத்திதான். எனக்காகத்தான் மாற்றினாய் என்று எனக்குத் தெரியும். மரகதத்தைக் கீழே இறக்கிவிட்டதற்கு நீ என்னைத் திட்டியதை மறுபடி எடுத்துப் படித்தேன். அவள் செய்ததை நான் திருடிவிட்டேன் என்றாய். நான் செய்ததையும் யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். நீகூட வேண்டாம்.

எனக்கு என்ன போகும் என்று தெரியாமல் எழுதவில்லை. உன் வீட்டு வாசற்படி போகலாம். அந்த ஓட்டைத் தலையணைக்குப் பக்கத்து நாற்காலி போகலாம். ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு அதைவிடப் பெரிய இடம் ஒன்றும் இந்த ஊரில் இல்லை. வாசிக்க ஆள் வேண்டும் என்றாய். சந்திரிகாவைக் கேள். அவள் குரல் கொஞ்சம் டீச்சர் குரல். ஆனால் எதையும் மாற்ற மாட்டாள்.

சாய்நாத்திடம் இன்னும் சொல்லவில்லை. ஆபீஸில் யாருக்கும் தெரியாது. உனக்கும் இந்த நிமிஷம் தெரியாது. மயிலாப்பூரில் போட்ட கடிதம் உன்னிடம் வந்து சேர இரண்டு நாளாகிறது. இந்த ஒரு மாதமாக அதைப் பார்த்துவிட்டேன். இன்று சாயங்காலம் போட்டால் சனிக்கிழமைதான் உன் பூதக்கண்ணாடிக்கு அடியில் வரும். அதற்குள் நீ ஃபோன் செய்து தடுக்க முடியாது.

நாளை வெள்ளிக்கிழமை. கய்யூம் பாய் ஜும்மா தொழுகை முடிந்து இரண்டரை மணிக்குக் கடையைத் திறப்பார். முதல் ஆளாக நான் நிற்பேன். வழக்கம்போல என்னைப் பார்த்ததும் டீ சொல்லுவார். அது வருவதற்குள் அந்தப் புதன்கிழமையைச் சொல்லிவிட வேண்டும்.

சாரு